ஏற்றுமதியாகாத கம்பு முறுக்கு

என் மூக்கை நம்பித் தொழில் தொடங்கியவன் நான். அந்த முடிவை எடுத்த மூளையும் அதே மூக்குக்கு மேலேதான் இருக்கிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்யும் வேலை எனக்கு. வேலூரில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போனது என் கெட்ட நேரம். வெளிநாடுகளில் இனி சிறுதானியத்துக்குத்தான் மவுசு, அதிலும் பால், நெய் என்று எந்த மிருகத்தின் சம்பந்தமும் இல்லாத தின்பண்டத்தைத் தேடி வாங்குகிறார்கள் என்று மேடையில் ஒருவர் படம் போட்டு விளக்கினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நான் உணவு ஏற்றுமதியாளன் ஆகிவிட்டேன். மறுவாரமே வேலையை விட்டேன். (விட்ட பிறகுதான் என் மனைவி கலைவாணியிடம் சொன்னேன். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பம்.)

"முறுக்கு போவலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"போவும்" என்றேன். என் திட்ட அறிக்கை மொத்தமே அந்த ஒரு சொல்தான்.

கூட்டாளி இம்தியாஸ், அதே கம்பெனியில் பேக்கிங் பார்த்தவன். அவன் மாமாவின் ஆட்டுத்தோல் கிடங்கு காலியாக இருந்தது. கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம், சாம்பிராணி போட்டோம்.

"நாத்தம் ஏதாச்சும் வருதா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல தோஸ்த். பூ மாதிரி கீது."

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே வளர்ந்த இரண்டு மூக்குகள் சேர்ந்து கொடுத்த சான்றிதழ் அது. பெண்களை வைத்துக் கம்பு முறுக்கு சுட்டு, காகிதப் பைகளில் போட்டு, இரண்டு வாரம் அங்கேயே அடுக்கி வைத்தோம்.

திருப்பத்தூரிலிருந்து வந்த என் மைத்துனன் குமரன் மட்டும் ஒரு முறுக்கை எடுத்து, அப்படியே திரும்ப வைத்தான். "மாமா, இதுல இன்னாமோ அடிக்குது."

"உனக்கு சளி" என்றேன்.

சென்னையில் வெளிநாட்டு வியாபாரிகளைச் சந்திக்கும் கூட்டம். எங்களுக்கு வாய்த்தவர் ஓர் ஐரோப்பிய அம்மையார். மிருகச் சம்பந்தமே இல்லாத பொருட்களை மட்டும் விற்கும் கடைகள் வைத்திருப்பவர். பையைப் பிரித்தார், முகர்ந்தார், மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் மெல்ல ஏதோ கேட்டார்.

"இதுல எந்த மிருகம் சேர்ந்திருக்குன்னு கேக்குறாங்க."

"மிருகமா? கம்பு, எள்ளு, உப்பு, எண்ணெய். அவ்ளோதாங்க."

அம்மையார் மறுபடி முகர்ந்தார்.

"ஆடான்னு கேக்குறாங்க. அவங்க தாத்தா ஆடு வளர்த்தவராம், அதனால நல்லா தெரியும்ங்கறாங்க."

இம்தியாஸ் பையை வாங்கி நெஞ்சு நிறைய இழுத்தான். "ஒண்ணுமே வரலியே மேடம்" என்று பக்கத்து மேசை ஊறுகாய்க்காரரிடம் சாட்சிக்கு நீட்டினான். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு நகர்ந்தார். நான் விடுவேனா? நிரபராதி என்று நிரூபிக்க மிச்சமிருந்த பதினோரு பைகளையும் வரிசையாகப் பிரித்தேன். கூடத்தில் பாதிப் பேர் எழுந்து வாசல் பக்கம் போனார்கள். அம்மையார் மிக மரியாதையாக என் விசிட்டிங் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். (அதுவும் அடித்ததாம்.)

அன்றே ரயிலில் ஊர் திரும்பினோம். வேலை போனது, பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன செய்வேன் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. பழைய கம்பெனியில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் பேக்கிங்கில் பெட்டி ஒட்டும் வேலை கிடைத்தது. இன்றும் அதே வேலைதான். கலைவாணி திட்டவில்லை. அவள் பேச்சே குறைந்துபோனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் குமரன் வந்தான். துணியில் சுற்றியிருந்த என் மகளைத் தூக்கி, உச்சந்தலையில் மூக்கை வைத்து நிதானமாக முகர்ந்தான்.

"சந்தேகமே இல்லக்கா" என்றான். "மாமா சரக்குதான்."

கலைவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். இன்னமும் குமரன் வந்திருக்கும்போது எங்கள் வீட்டில் எந்தப் பலகாரம் செய்தாலும் முதல் தட்டு அவனுக்குத்தான் போகும். அவன் முகர்ந்து தலையசைத்த பிறகுதான், என் மகள் எனக்கு ஒன்றைக் கொடுப்பாள்.