வந்தேறிக் கொடி

இந்தச் சாரல் காலம் முடிவதற்குள் கொடியை வெட்டியே தீருவது என்று முடிவெடுத்தேன். தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். கொடிக்கா பயப்படுவேன்? என் மனைவி ஹைருன் பீவிக்குத்தான் பயப்படுவேன்.

கொடியை நட்டவள் எங்கள் மகள் சஃப்ரின். தாவரவியல் படித்தவள். ஐந்தருவிப் பக்கம் ஒரு செடிக்கடையில் வாங்கி வந்து வாசல் சுவரில் ஏற்றிவிட்டாள். திராட்சை எப்போது காய்க்கும் என்று நான் போனில் கேட்டதற்கு ஒரு வாரம் சிரித்தாள். திராட்சைக் குடும்பம்தானாம், ஆனால் திராட்சை இல்லையாம். நம்ம பிரண்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தமாம். ஊர் அமெரிக்காவாம், பேரினத்தின் பேர் பார்த்தெனோசிஸஸாம். எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல். நான் விமானம் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வருஷமாகத் தலையைக் குனிந்தபடியே வாசலைத் தாண்டுகிறேன். அவள் இல்லாமல் அது மட்டும் தளதளவென்று வளர்வதை என்னால் தாங்க முடியவில்லை. இதை ஹைருனிடம் எப்படிச் சொல்வது? சுவர் விரிசல் விடுகிறது என்றேன். பூசிக்கொள்ளலாம் என்றாள். பாம்பு வரும் என்றேன். நீங்கள்தான் இருக்கிறீர்களே என்றாள்.

கடைசியில் சஃப்ரினின் பேராசிரியை ஆனந்தவள்ளியைப் பிடித்தேன். வெளிநாட்டுச் செடி, நம் மண்ணுக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சி வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் இலையைத் தொட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்தேறிக் கொடிதான் என்று மட்டும் சொன்னார்.

"கேட்டியாட்டி? வெளிநாட்டுது."

"நீங்களும்தான் இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டுல கெடந்தீங்க. அங்கன யாரும் ஒங்கள வெட்டியா போட்டாங்க?"

பேராசிரியை டீ கிளாஸுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஹைருனே அரிவாளை என் கையில் கொடுத்தாள். "பாக்க முடியலன்னா வெட்டிருங்க. செவர ஏன் குத்தம் சொல்லுதீங்க?"

வெட்டினேன். லேசில் வரவில்லை. பற்றுக்கம்பிகளின் நுனியில் இருந்த சின்னச் சின்னப் பாதங்கள் சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தன. வெறும் சுவரைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நிமிர்ந்தால் எதிர்வீட்டு ரெங்கம்மாளின் சுவரில் அதே கொடி, காம்புக்கு ஐந்து இலையாக. குனிந்தே நடந்ததில் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. ஓடிப்போய், நட்டு வைக்க ஒரு கம்பு கேட்டேன்.

"வாங்க, கனி அண்ணாச்சி. இது ஹைருனக்கா போன வருசம் குடுத்த கம்புதான். இன்னைக்கு நீங்க கேட்டு வருவீங்கன்னு விடியயிலயே சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு கம்பு ஒடிச்சு தண்ணில போட்டு வச்சிருக்கேன்."