கோல் கீப்பருக்கு மண்டகப்படி

சின்ன காஞ்சிபுரம்,
12-2-1968, திங்கட்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் கலியாணசுந்தரம் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை தில்லையம்மாளைக் கட்டிக்கொண்ட குப்புசாமி தெரிவித்துக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பேனாவுக்கே அந்தப் பொய் பொறுக்கவில்லை போலிருக்கிறது, வேட்டியெல்லாம் மை கக்கிவிட்டது. ஆகையால் உள்ளதை எழுதுகிறேன். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருந்தால், அந்த நலத்தில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் அனுப்பி வைக்கவும்.

நிற்க. உங்கள் கம்பெனி புட்பால் டீமுக்குக் கோல் கீப்பர் தேவை என்று தெரிந்து, மெட்ராஸில் நீங்கள் அந்த ஸ்போர்ட்ஸ் ஆபீசர் பின்னால் செருப்புத் தேய நடந்து, "எங்க தங்கச்சி பையன் ஒருத்தன் இருக்கான் சார், ஒரு தடவை வந்து பாருங்க" என்று கெஞ்சி, நேற்று ஞாயிற்றுக்கிழமை அவரை ஜீப்பில் ஏற்றி இங்கே அனுப்பி வைத்தீர்கள். நம் பையன் பாணியின் ஆட்டம் பிடித்துப்போனால் கம்பெனி ஸ்டோரில் வேலை, மாதச் சம்பளம். என் பிள்ளை என்னைப் போல அடுத்தவன் சைக்கிள் டியூபில் ஓட்டை தேடிக்கொண்டு காலம் தள்ள வேண்டாம். இத்தனை பெரிய உபகாரத்தை நான் ஒரே மத்தியானத்தில் இட்லியைப் போட்டு அமுக்கிவிட்டேன் மச்சான். ஏழு கோல். போன வருஷம் முழுக்கப் பந்தை உள்ளே விடாமல் பேர் வாங்கிய நம் கோதண்டபாணி, ஆபீசர் பார்க்க ஏழு கோல் வாங்கினான். அரக்கோணத்துக்காரர்கள் எட்டாவதை அடிக்காமல் விட்டது இரக்கத்தால் அல்ல, அலுப்பால்.

இது எப்படி நடந்தது என்றால், அதற்கு எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாணி ஆடுகிற யங் ஸ்டார்ஸ் டீமின் அபிமானிகள் சங்கத்துக்கு நான் காரியதரிசி. எட்டாவது வரைக்கும் படித்தவன், பந்தைக் காலால் தொட்டதே இல்லை. ஆனால் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், கடையில் பம்பு இருக்கிறது, பந்துக்குக் காற்று வேண்டும். இந்த ஒரு தகுதியில் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளம் கிடையாது, மரியாதையும் அவ்வளவாகக் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் எருமை ஓட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, எலுமிச்சம் பழம் நறுக்குவது, ஆட்டம் முடியும் வரை தொண்டை கிழியக் கத்துவது, இவ்வளவும் நாங்கள்தான். கிழிந்துபோன கோல் வலையை நம் தெரு நெசவுக்காரர்கள் போன வாரம் உட்கார்ந்து இழைக்கு இழை முடிச்சுப் போட்டுப் புதுசாக்கிக் கொடுத்தார்கள். நேற்று விழுந்த ஏழு பந்தையும் அந்த வலை அவ்வளவு பத்திரமாகத் தாங்கியது.

சங்கத் தலைவர் மாணிக்கவாசகம். கோயில் உற்சவத்தில் பல்லக்குக்குத் தோள் கொடுக்கிறவர். தோள் கொடுத்துத் தோள் கொடுத்து ஒரு பக்கத்துத் தோள் தூக்கிக்கொண்டே இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் "எனக்கென்ன" என்று சொல்கிற மாதிரி இருப்பார். ஆபீசர் வருகிற சேதி தெரிந்ததும் அவர்தான் கூட்டத்தில் எழுந்தார். "மெட்ராஸ்லேர்ந்து ஆபீசர் வர்றாரு. நம்ப பையனுங்க சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சிக்கினு போய் எறங்குனா இன்னா மரியாதை? இங்கேர்ந்து மைதானம் வரைக்கும் புறப்பாடு வெச்சிடலாம்பா." உடனே லாரி டிரைவர் சாமுவேல், அவர்தான் எங்களுக்கு டிரம் அடிக்கிறவர், "எங்க தெரு வழியாவும் வரணும். வரலைன்னா டிரம்மு வராது, நானும் வர மாட்டேன்" என்றார். பாணி மட்டும் என்னைத் தனியாக இழுத்து, "வாணாம்பா. நாலு மணிக்கு மேட்ச்சு. நான் நேரா கிரவுண்டுக்குப் போயி ரெண்டு பந்து புடிச்சிப் பாக்கணும்" என்றான். "சும்மா இருடா, ஒனக்கு வெவரம் பத்தாது" என்றேன். என் கணக்கு வேறு. என் பிள்ளையைச் சனங்கள் ஊர்வலமாக அழைத்து வருவதைப் பார்த்தால், இத்தனை பேர் கொண்டாடுகிறவனா என்று ஆபீசர் ஆட்டத்தைப் பார்க்காமலே வேலையைக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எட்டாவது வரை படித்தவன் போடுகிற கணக்கு எப்படி இருக்கும்?

நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். இந்த ஊரில் புறப்பாடு என்றால் மண்டகப்படி இல்லாமல் நகராது. சாமி தெருவுக்குள் வந்தால் தெருக்காரர்கள் நிறுத்துவார்கள், தேங்காய் உடைப்பார்கள், படைப்பார்கள், அப்புறம்தான் வழி விடுவார்கள். சாமிக்கு ஒரு சௌகரியம், படைத்ததைத் தின்ன வேண்டியதில்லை. எங்கள் பதினோரு பையன்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

முதல் மண்டகப்படி அங்கம்மாள் இட்லிக் கடை வாசலில். மிளகும் சுக்கும் நெய்யும் மணக்கிற கோயில் இட்லி, ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி. ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டு நகரப் பார்த்தார்கள், அந்த அம்மாள் விடவில்லை. "ரேஷன் கியூவுல கால் கடுக்க நின்னு வாங்குன அரிசி நைனா, ஒங்களுக்குன்னே எடுத்து வெச்சேன். கோல் புடிக்கிற புள்ளைக்கு ஒடம்புல தெம்பு வாணாமா? இன்னும் ஒண்ணு துன்னு." பாணி என் முகத்தைப் பார்த்தான். அரிசி கிடைக்காத இந்தக் காலத்தில், ஒருத்தி தன் வீட்டு உலையில் போடாமல் எடுத்து வைத்த அரிசியை வேண்டாம் என்று சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்? சாப்பிடுடா என்று கண்ணைக் காட்டினேன். நான் செய்த பாவத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அடுத்த தெருவில் நெசவுக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுச் சர்க்கரைப் பொங்கலோடு நின்றார்கள். அங்கம்மாள் கையால் தின்றுவிட்டு இவர்கள் கையால் தின்னாமல் போனால், அடுத்த வருஷம் வலை முடிச்சுப் போட யார் வருவார்? தின்றார்கள். அதற்கடுத்த தெருவில் தெலுங்குக்காரப் பெரியம்மா ஒருத்தர், "தினு நாயனா, தினு" என்று புளியோதரையை இலையில் தள்ளிக்கொண்டே இருந்தார். ஜரிகைக் கடை பாய், "அரே, பிரியாணி துன்னாம பந்து ஒதைக்கிறதா? வெக்கக்கேடு!" என்று அண்டாவைத் திறந்தார். சாமுவேல் தெருவில் அவர் சம்சாரம் அன்னம்மாள் கேசரி கிண்டி வைத்திருந்தது. "டிரம் அடிக்கறது எங்க வீட்டு ஆளு, எங்க கேசரி மட்டும் கசக்குதா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்தத் தெருவைத் தாண்டும்போது பையன்கள் நடந்த நடை இருக்கிறதே, நிறைமாதக்காரிகள் தோற்றுப் போவார்கள். "அப்பா, நாலு மணி ஆயிடிச்சிப்பா" என்றான் பாணி. அதைச் சொல்வதற்குள் அவனுக்கு இரண்டு ஏப்பம் வந்தது.

ஆபீசருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. மாணிக்கவாசகம் அவர் தலையில் பரிவட்டம் கட்டி, ஊர்வலத்தின் முன்னால் அழைத்துப் போய், ஒவ்வொரு மண்டகப்படியிலும் முதல் இலை அவருக்கே போட்டார். மைதானத்தில் புளியமரத்தடியில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் விசிற ஓர் ஆள். விசில் ஊதினார்கள். ஓடு ஓடு என்று நாங்கள் கத்துகிறோம், பையன்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள், "நீங்களே வந்து ஓடுங்களேன்" என்கிற பார்வை. பாணியின் காலடிக்குத் தரையோடு ஒரு பந்து வந்தது. குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. அவன் நிமிர்ந்தபோது பந்து நடு மைதானத்துக்குப் போய், இரண்டாவது கோலுக்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு பந்தைத் தடுத்தான், அதுவும் வயிற்றால். தடுத்த பிறகு அவன் முகத்தைப் பெற்ற தகப்பனால் பார்க்க முடியவில்லை. ஆபீசராலும் முடியவில்லை. முதல் கோல் விழுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். அனுபவஸ்தர் அல்லவா, வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, வாய் தானாகத் திறந்துகொண்டது, நெஞ்சிலிருந்து ஒரு கர்ர் என்ற சத்தம் வேறு. அவ்வளவு வெறுப்பை நான் ஒரு மனிதர் முகத்தில் பார்த்ததே கிடையாது. ஆட்டம் முடியும் வரை ஒரு தரம்கூடக் கண்ணைத் திறக்கவில்லை மச்சான்.

இதோடு விட்டதா? ஆட்டம் முடிந்ததும் நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன், மாணிக்கவாசகம் மறித்தார். "எங்க போற? போன சாமி திரும்ப வாணாமா? நடுத்தெருவுல வுட்டுட்டுப் போவ முடியுமா?" என்றார். "ஏழு கோல்யா!" என்றேன். "அது அவங்க ஆட்டம். இது நம்ப புறப்பாடு" என்று சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த சரவெடியைக் கொளுத்தினார். சாமுவேல் டிரம்மை அடித்தார். எல்லோருக்கும் மாலை போட்டார்கள். பாணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டுவிட்டது, ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அதனால் பல்லக்குத் தூக்கும் நான்கு பேர் அவனைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு வேறு மாதிரித் தூக்கத் தெரியாது, முன்னே இரண்டடி பின்னே ஓரடி என்று ஆட்டி ஆட்டித்தான் தூக்குவார்கள். பாணி மேலேயிருந்து, "எறக்குங்கய்யா, எறக்குங்கய்யா" என்று கும்பிட்டான். சனங்கள் திருப்பிக் கும்பிட்டார்கள். ஜெயித்த அரக்கோணத்துப் பையன்கள் ஓரமாக நின்று, "டேய், நாம ஜெயிச்சமா, அவங்க ஜெயிச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். வெடிச் சத்தத்தில் திடுக்கிட்டு ஆபீசர் கண்ணைத் திறந்தார், தோள்மேல் போகிற பாணியைப் பார்த்தார், என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி என்னமோ சொன்னார். வெடியில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஏசித்தான் இருப்பார். பரிவட்டத்தைக்கூட அவிழ்க்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ராத்திரி முழுக்க நான் "ஏழு, ஏழு" என்று புலம்பியதாக உங்கள் தங்கை சொல்கிறாள். அவள் ஆட்டத்துக்கு வரவில்லை, அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. பாணி ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். விடிந்ததும் ஒரே பேச்சுத்தான் பேசினான். "நான் லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போறேம்பா. நீ இனிமே யார் பந்துக்கும் காத்தடிக்காத." அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னான்.

ஆகையால் மச்சான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு போய் ஆபீசரிடம் படித்துக் காட்டுங்கள். தோற்றது பையன் அல்ல, அவன் அப்பன் என்று சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு இன்னொரு தரம் அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கத்தை இன்று காலையே கலைத்துவிட்டேன். கலைக்கத் தலைவர் கையெழுத்து வேண்டுமாம், அதை மாணிக்கவாசகம் போட மாட்டாராம், இருந்தாலும் என் மனசில் கலைத்துவிட்டேன். பந்துப் பம்பைப் பரண்மேல் போட்டாயிற்று.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஏகாம்பரநாதரும் வரதரும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், அதில் ஒரு பங்கை அவர்கள் மாமனுக்கும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிராத,
கு. குப்புசாமி.

பி.கு.: மச்சான், உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆபீசர்! ராத்திரி இங்கேயே தங்கி, காலையில் அவர் சம்சாரத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு வருகிறார். "எங்கய்யா ஒம் பையன்? நேத்தே கையைக் குடுத்துச் சொன்னேனே, வேலை அவனுக்குத்தான்னு! இன்னா ஆட்டம், இன்னா கூட்டம்! ஆமா, மொத்தம் எத்தினி கோலு? கணக்கு மறந்துபோச்சு" என்றார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உங்கள் தங்கை காபியோடு வந்து, "ஏழுங்க" என்றாள் பெருமையாக. "ஏழா!" என்று அவர் தொடையைத் தட்டினார். அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது, நேற்று அவர் கண்ணை மூடியது வெறுப்பால் அல்ல. அங்கம்மாள் இட்லி அவரையும் விடவில்லை. நான் அப்படியே விட்டிருப்பேன், என் லட்சணம் உங்களுக்குத் தெரியும். பாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "சார், அந்த ஏழும் நான் வுட்டது சார். நாங்க தோத்துட்டோம்" என்று சொல்லிவிட்டான். ஆபீசர் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், பாணியைப் பார்த்தார். தூங்கிவிட்டேன் என்று அவர் வாயால் சொல்ல முடியுமா? "எனக்குத் தெரியாதாய்யா? கண்ணைக் கொட்டாம பாத்துக்கினுதானே இருந்தேன்! ஏழு கோல் வுட்டவனைத் தோள்மேல தூக்கிக்கினு வெடி வுடறாங்கன்னா அவன் சாமானியப்பட்ட ஆளா? அதுவும் உள்ளதைச் சொல்றான். ஒரு மாசம் வெச்சுப் பாக்கறேன், வியாழக்கிழமை வந்து சேரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, காபியைக்கூட முடிக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஆகையால் மேலே எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட அவரிடம் காட்ட வேண்டாம், முக்கியமாக அந்தக் கர்ர் சத்தம். படித்ததும் அடுப்பில் போடவும். ஸ்டாம்பு ஒட்டிவிட்ட தோஷத்துக்குத்தான் அனுப்புகிறேன். பாணி என்னோடு பேசிவிட்டான், பம்பைப் பரணிலிருந்து அவனே இறக்கிக் கொடுத்தான். புதன்கிழமை காலை பஸ்ஸுக்கு அவனைத் தயார் செய்கிறோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் புறப்பாடு வைத்தே தீர வேண்டும் என்று சங்கம் என் கடை வாசலில் கூடி முடிவெடுத்துவிட்டது. இந்தத் தடவை கொஞ்சம் மண்டகப்படிதான், அங்கம்மாள் மாவு அரைக்கக்கூட ஆரம்பித்துவிட்டது. புதன் ராத்திரிக்குள் பையன் வந்து சேரவில்லை என்றால், தயவுசெய்து பஸ்காரன்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.