ஷேர் ஆட்டோவில் வந்த வெப்சைட்

வீட்டுக்குள் இருக்கும்வரை நாம் எல்லோருமே மேதைகள்தான். வாசலைத் தாண்டினால்தான் வண்டவாளம் தெரியும். என்னுடையது தெரிந்தது தாம்பரத்தில், என் முதல் இன்டர்வியூவில்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுப் பம்மலில் வீட்டோடு இருந்தேன். கல்லூரியில் சி மொழி புரியாமல் நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது என்று, அதைத் தமிழில் சொல்லித்தரும் வெப்சைட் ஒன்றை நானே செய்தேன். ஒவ்வொரு பாடத்தின் கீழும் உதாரண ப்ரோகிராம், கறுப்புப் பெட்டியில் பச்சை எழுத்தில். முகப்பில் 'வருக வருக' என்று எழுத்து ஓடும். (அன்றைக்கு எழுத்து ஓடாவிட்டால் அதை வெப்சைட் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.)

வீட்டில் இன்டர்நெட் கிடையாது. ஃப்ளாப்பியில் எடுத்துப்போய் பிரவுசிங் சென்டரில் ஏற்றினேன். முகப்பு வந்தது, எழுத்து ஓடியது, பூரித்துப்போய்க் கிளம்பிவிட்டேன். உள்ளே ஒரு பாடத்தையாவது திறந்து பார்த்திருக்கலாம். மேதைகள் அதெல்லாம் பார்ப்பதில்லை.

அந்த வெப்சைட்டைச் சொல்லித்தான் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மனுப் போட்டிருந்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் மாமி கொண்டுவந்த வரனுக்குத் தலையாட்ட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. அதுவரை கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டு எனக்காக நின்றவர் அத்தாதான். (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) திருமுடிவாக்கத்தில் கேட், கிரில் செய்யும் பட்டறையில் வேலை. அன்று லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து, திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில், உள்ளே பேசுவது கேட்கும்படி உட்கார்ந்துகொண்டார்.

"சைட் நல்லா இருக்கும்மா. பாடத்தைத் திறங்க" என்றார் இன்டர்வியூ எடுத்த சார்.

முதல் பாடத்தை அமுக்கினேன். பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று வந்தது. இரண்டாவதும் அப்படியே. கடைசிப் பாடம்வரை அதே கதை.

"வீட்டுல நல்லா ஓடுது சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்ப வீட்டு கம்ப்யூட்டரைத்தான் கொண்டு வரணும்." எழுத்துத் தேர்வுக்கான தாளைக் கொடுத்து வெளியே உட்காரச் சொன்னார்.

வெளியே அத்தாவைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

எழுதி முடிக்கும் நேரத்தில் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பெட்ஷீட்டில் சுற்றிய சி.பி.யூ.வை அணைத்தபடி அத்தா இறங்கினார். உள்ளே, முன்பின் தெரியாத ஓர் அக்காவின் மடியில் எங்கள் மானிட்டர்!

"சீக்கிரம் எறக்கு பாய், காலு மரத்துப்பூட்ச்சு. இன்னா பொட்டி இது, இந்தக் கனம் கனக்குது?"

"எம் பொண்ணோட வெப்சைட்டும்மா" என்றார் அத்தா, அவ்வளவு பெருமையாக.

சார் ஓடிவந்தார். "ஐயோ பாய், நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன்!"

"பார்ட்டி சாம்பிள் கேட்டா காட்டாம இருக்க முடியுமா சார்? நாங்க கேட்டையே தூக்கினு போயி காட்டுவோம்."

ஆபீஸே கூடி நிற்க, ஒயர்களை மாட்டினோம். பாடங்கள் பச்சைப் பச்சையாகத் திறந்தன. அத்தா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். சாரோ பக்கத்தின் கோடிங்கைத் திறந்து தலையில் கைவைத்துக்கொண்டார். பாடங்களுக்கான இணைப்புகளில் எல்லாம் எங்கள் வீட்டு கம்ப்யூட்டரின் சி டிரைவ் முகவரியை நான் அச்சு பிசகாமல் காப்பி செய்து வைத்திருந்தேன். ஊரில் யார் அமுக்கினாலும் அது அவரவர் கம்ப்யூட்டருக்குள் என் பாடத்தைத் தேடும். எப்படிக் கிடைக்கும்?

"இங்கேயே திருத்துங்க" என்றார். முதல் பாடத்தின் இணைப்பை மட்டும் திருத்தி ஏற்றினேன். அவருடைய கம்ப்யூட்டரில் திறந்தது. உதாரணங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ப்ரோகிராம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. திங்கட்கிழமை வேலைக்கு வாங்க" என்றவர், அவசரமாக அத்தா பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் நாங்களே தர்றோம் பாய்!"

சில வருஷம் கழித்து, நானே சரி என்று சொன்ன மாப்பிள்ளையோடு கல்யாணம் முடிந்து காரில் ஏறினேன். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அத்தா மட்டும் ஜன்னலில் குனிந்து, "எல்லாத்தையும் எடுத்துக்கினியாம்மா?" என்றார். இன்று வரைக்கும் போனில் என் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், உடனே கேட்டுவிடுவார்:

"என்னம்மா, அங்க சரியா ஓடலையா? ஆட்டோ புடிக்கவா?"