டப்பா அக்காவின் நாவல்பழம்

தென்காசியில் போலீசுக்குப் பயப்படாத பெண்கள் உண்டு. டப்பா அக்காவுக்குப் பயப்படாதவள் எங்கள் விடுதியில் ஒருத்திகூடக் கிடையாது. முப்பது பெண்களுக்கும் சேர்த்து ஒரே பிரிட்ஜ். யாரும் நியமிக்காமலே அதற்கு அதிகாரி ஆனவள் அவள்.

பழக்கூழ் கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. பகலெல்லாம் அங்கே பழத்தைக் குறை சொல்லிவிட்டு, மிச்சக் குறையைச் சொல்ல விடுதிக்கு வருவாள். தோளில் மாட்டிய பையோடு நேரே போய்ப் பிரிட்ஜைத் திறப்பாள். பாலிதீன் பையில் முடிச்சுப் போட்ட பழத்தைக் கண்டால் தொலைந்தோம். எதையும் டப்பாவில்தான் வைக்கணும் என்பாள், அப்படி வந்த பெயர்தான் டப்பா அக்கா. ஒருமுறை நான் ஸ்ட்ராபெர்ரி வாங்கி, பளிச்சென்று கழுவி வைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

"ஏட்டி, ஈரத்தோட வச்சா நாளைக்கே பூஞ்சை பிடிக்கும். திங்கப்போற நேரத்துலதான் கழுவணும். வீட்டுல சொல்லித் தரலையா?"

எங்கள் வீட்டில் பழம் மறுநாள் வரை மிஞ்சியதே இல்லை என்றேன். புத்திசாலிக் குடும்பம் என்றாள். நாளாக ஆக வைட்டமின் குறையும், பிரிட்ஜ் அதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தாள். எனக்குப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

சாரல் தொடங்கியதும் சனிக்கிழமைதோறும் குற்றாலம் போய் நாவல்பழம் வாங்கி வருவாள். தோல் கீறியதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, டப்பாவில் காகிதம் விரித்து ஒரே அடுக்காகப் பரப்புவாள். மேலே 'சுதா' என்று சீட்டு ஒட்டுவாள்.

சுதா அவள் மகள். பதினாலு வயது. வாசுதேவநல்லூரில் அப்பாவோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். பிள்ளை வருவதில்லை. அக்கா மட்டும் ஞாயிறு முழுக்க வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். திங்கட்கிழமை அந்தப் பழம் எங்களுக்கு வரும், "ரெண்டு நாள் பழசு, சத்து போச்சு" என்ற வசவோடு.

ஐந்து வாரம் இப்படியே போயிற்று. ஆறாவது ஞாயிறு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அம்மா போனபிறகு எனக்குப் போக ஊர் இல்லை. வாசலில் அக்கா, உள்ளே நான், வெளியே மழை. எப்படியும் நாளைக்கு நமக்குத்தானே என்று பதினோரு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். ஒன்றே ஒன்று என்றுதான் ஆரம்பித்தேன். கடைசியில் சீட்டுதான் மிச்சம்.

ஒரு மணிக்குச் சுதா வந்தாள்.

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக மகளைக் கூட்டிக்கொண்டு பிரிட்ஜுக்கு வந்தாள். டப்பா காலி. என் நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது, பொய் சொல்ல வழியே இல்லை. இன்றோடு விடுதி வாசம் முடிந்தது என்று நின்றேன். அக்கா டப்பாவை மூடினாள். குற்றாலத்துக்கே போய்ப் புதுசாகத் தின்போம் என்று மகளோடு பஸ் ஏறிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தனியாகத் திரும்பினாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை நான் ஆரம்பித்தேன். கையமர்த்தினாள்.

"ஏட்டி, நீ திங்காம இருந்திருந்தா, அவ பத்து நிமிஷத்துல தின்னுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருப்பா. உன்னாலதான் இவ்வளவு நேரம் எங்கூட இருந்தா."

அடுத்த ஞாயிறும் வருவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா அழுதாள். இவளை எனக்குப் பிடிக்காது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.