ஒன்று பெரிதா, ஒன்பது பெரிதா?

ஒன்று பெரிதா, ஒன்பது பெரிதா என்று கேட்டு உலகத்தையே குழப்பக்கூடிய மனிதர் ஒருவர்தான். அவர் போர்ட் பிளேரில் எங்கள் ஆபீஸில், துப்பாக்கி லைசென்ஸ் பிரிவில் இருந்தார். நாங்கள் வைத்த பெயர் ‘ட்வெல்வ் போர்’, அந்த வகைத் துப்பாக்கியின் பெயர். அவரிடம் பன்னிரண்டு நிமிடம் மாட்டியவர்கள் அதற்கு வேறு அர்த்தம் சொல்வார்கள்.

நான் மதுரையிலிருந்து வந்த முதல் வாரமே பிடித்துக்கொண்டார். இந்தத் தீவுகளிலேயே, ஹட் பே எஸ்டேட்டில் வளர்ந்தவர். தமிழில் பாதி இந்தி.

“தம்பி, ஒரு பவுண்ட் ஈயத்தைப் பன்னெண்டு உருண்டையா உருட்டு. ஒரு உருண்டை என்ன அகலமோ, அதான் பன்னெண்டு போர் குழாயோட வாய். சமஜ் கயா, புரிஞ்சுதா?”

“அப்ப இருபது போர் இன்னும் பெருசாண்ணே?”

“அரே, சின்னது! இருபதா பங்கு போட்டா உருண்டை சிறுக்காதா? தோட்டாவுக்குள்ள போடுற சில்லறைக் குண்டும் அப்படித்தான். ஒண்ணாம் நம்பர் பெருசு, ஒன்பதாம் நம்பர் கடுகு. எல்லாத்துக்கும் மேல ஒத்தைக் குண்டு. முழு ஈயம். அதுக்கு நம்பரே கிடையாது.”

அதோடு விட்டாரா? மழை, காரம், கோபம் எல்லாமே அவருக்கு அந்த நம்பர்தான். “இன்னைக்கு மழை எட்டு” என்றார். குடை, ரெயின்கோட் இரண்டோடும் போனேன். தூறியது. “சாப் கோபம் ரெண்டு” என்றார். தைரியமாக அதிகாரியிடம் லீவு கேட்கப் போனேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒருநாள் காலை பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகில் வரும்போது அவர் பேச்சை நிறுத்தினார். அதுவே எனக்குத் திக்கென்றது.

“நெஞ்சு வலிக்குது தம்பி. ஒண்ணு.”

ஒன்றுதானே என்று வேர்க்கடலையை நீட்டினேன். வாங்கவில்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, முகம் சாம்பலாகியிருந்தது. இக்கரையில் சாத்தாம் துறையில் இறங்கியதும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று நர்ஸ் இந்தியில் கேட்டார்.

“ஏக்” என்றார் ட்வெல்வ் போர்.

நர்ஸ் நிம்மதியாக பெஞ்சைக் காட்டினார்.

“சிஸ்டர், உல்டா! இவருக்கு ஒண்ணுன்னா பத்து!” என்று கத்தினேன். எனக்கே அது சரியா என்று தெரியவில்லை.

நர்ஸ் குழம்பிப்போய் மறுபடி குனிந்தார். ட்வெல்வ் போர் கண்ணை மூடி யோசித்து, ஒத்தைக் குண்டு என்பதை அக்கறையாக இந்தியில் சொன்னார்: “ஏக் கோலி.”

“கோலி லகா?” யாரோ சுட்டுவிட்டார்கள் என்று நர்ஸ் அலற, ஸ்ட்ரெச்சர் பறந்து வந்தது. மூன்று பேர் சட்டையைக் கிழித்து ஓட்டையைத் தேடினார்கள். ஓட்டை இல்லை. ஆனால் ஓடி வந்த டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, அவரை அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் கண் திறந்ததும் கேட்டார்: “கடைசியில என் நம்பர் உனக்கு சமஜ்ல வந்துருச்சு, இல்ல?”

“இல்லண்ணே. உங்க மூஞ்சியைப் பாத்தேன்.”



இப்போதெல்லாம் படகில் நான் அவருக்கு எதிரில்தான் உட்காருகிறேன். கடல் பக்கம் திரும்புவதே இல்லை.