தீவுச் சுவரில் ஒரு காரைக்கால் விலாசம்

தரையில் கட்டிய கடையைக் கடல் சட்டப்படி நடத்தும் ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் நங்கூரம் பாய்தான். இல்லை என்பவர்கள் காரைக்காலுக்கு வந்து, அவர் கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் என்னோடு சண்டைக்கு வரலாம்.

சாப்பிட வருகிறவர்களை எல்லா ஊரிலும் "உக்காருங்க" என்பார்கள். பாய் "நங்கூரம் போடுங்க" என்பார். பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் அட்டைக்கு மட்டும் தெரியும்.

கடைக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும், அது முதல் சட்டம். படகுத் தளத்தில் செருப்போடு நடந்தால் கீறல் விழுமாம். பாய் கடையில் இருந்தது சிமெண்டுத் தரை, அதுவும் பாதி பெயர்ந்தது. நாற்காலிகளையெல்லாம் தரையோடு திருகாணி போட்டு முடுக்கி வைத்திருந்தார். தொப்பை உள்ளவர்கள் மேசைக்குள் நுழைய முடியாமலும், ஒல்லியானவர்கள் தட்டை எட்ட முடியாமலும் சிரமப்பட்டார்கள். கண்ணாடி டம்ளர்கள் பலகையில் வெட்டிய ஓட்டைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். உப்பு ஜாடியைக் கயிற்றால் கட்டியிருப்பார். உப்பு வேண்டுமென்றால் நாம்தான் ஜாடியிடம் போக வேண்டும்.

கை கழுவ அரை டம்ளர் தண்ணீர்தான், நல்ல தண்ணீரை அளந்து செலவழிக்க வேண்டும் என்பதால். ஒரு ஐப்பசியில் மழைத்தண்ணீர் கடைக்குள்ளேயே கணுக்கால் அளவு நின்றது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊரே மிதக்கும்போது அரை டம்ளர் தருகிறீர்களே, நியாயமா என்று கேட்டேன்.

"இன்னிக்கு மெதக்குது தங்கச்சி. நாளைக்கு நடுக்கடல்ல என்ன செய்வீங்க?" என்றார்.

நான் கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவள். நடுக்கடலில் எனக்கு என்ன வேலை? ஆனால் பாயிடம் அதைச் சொன்னால் வருத்தப்படுவார். எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் கிளம்புவார்கள் என்றுதான் அவர் நம்பினார்.

கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்களுக்கும் அவர் கடலைப் பற்றிப் பாடம் நடத்துவார். ஒருநாள் ஒருவர் பொறுமை இழந்து, "நாங்க தெனமும் கடலுக்குத்தான் போயிட்டு வர்றோம் பாய்" என்றார். பாய் அசரவில்லை. "நீங்க போறது மீனுக்கு. நான் போனது கடலுக்கு" என்றார். மீன்காரர் தலையில் அடித்துக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அவரும் ஒரே ஒரு முறைதான் போனார். வளைகுடாவில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர் பாய். அந்த முதலாளி ஓய்வு பெற்றதும், மனைவியோடு தன் பாய்மரப் படகில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே சொந்த நாட்டுக்குத் திரும்ப முடிவு செய்தார். பாயின் மீன் குழம்பு இல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது என்று அவரையும் ஏற்றிக்கொண்டார். போகிற வழியில், அட்லாண்டிக் நடுவில், பாய்மரத்தைத் தாங்கும் கம்பி அறுந்துபோனது. பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் தீவின் துறைமுகத்தில் ஒதுங்கினார்கள். கம்பி வந்து சேர ஒன்பது நாளானது. அந்த ஒன்பது நாளைத்தான் பாய் பல வருடங்களாகப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

வெள்ளை வீடுகள், சிவப்பு ஓடு, மலை ஏறும் தெரு, தெருமுனையில் ரொட்டிக் கடை. தீவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் ஊரே டிக்கெட் எடுத்துவிடும், அப்புறம் அங்கே இடம் இருக்காது என்பார்.

கடையைப் பார்த்துச் சிரித்த ஊர் ஒரே ஒரு தடவை வாயை மூடியது. ஒரு புயல் வந்து தெருவையே புரட்டிப் போட்டபோது, மற்ற கடைகளில் ஒரு டம்ளர் மிஞ்சவில்லை. பாய் கடையில் கூரைதான் பறந்துபோனது. டம்ளர்கள் ஓட்டைக்குள் இருந்தன, நாற்காலி ஒன்றுகூட நகரவில்லை. விடிந்ததும் திறந்த வானத்தின் கீழ் டீ போட்டுத் தெருவுக்கே கொடுத்தார். அன்று எல்லாரும் கேட்காமலே செருப்பைக் கழற்றினார்கள்.

இவ்வளவையும் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது பதினொரு மணி டீ.

தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு டீயைப் போட்டு, தபால்காரருக்கு என்று எடுத்து வைப்பார். தீவிலிருந்து கடுதாசி வர வேண்டும். அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து தங்கும் ஒவ்வொரு படகும், கிளம்பும் முன் துறைமுகச் சுவரில் தன் பெயரை வண்ணத்தில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எழுதாமல் போனால் கடல் கோபித்துக்கொள்ளுமாம். முதலாளி தூரிகையைப் பாயிடம் கொடுத்தார். பாய் படகை வரைந்தார், பெயரை எழுதினார், மற்றவர்கள் எழுதியதையெல்லாம் சுற்றிப் பார்த்தார். வெறும் பெயரும் வருடமும்தான் இருந்தன. விலாசம் இல்லாமல் எழுதினால் யார் கடுதாசி போடுவார்கள், இவ்வளவு படித்தவர்களுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தார். படகுக்குக் கீழே தன் விலாசம் முழுவதையும் எழுதினார்: பின்னாளில் கடை வந்த அதே வீட்டின் கதவு எண், தெரு, பள்ளிவாசலுக்கு எதிர்ச்சந்து என்ற குறிப்பு, காரைக்கால், பின்கோடு. அவர் அதை ஒப்பிக்கக் கேட்டுக் கேட்டு, எனக்கு என் வீட்டு விலாசத்தைவிட அவர் விலாசம்தான் சட்டென்று வாயில் வரும்.

கடுதாசி வரவில்லை. தபால்காரர்கள் நாலு பேர் மாறினார்கள். புதிதாக வருகிறவருக்குப் பையோடு சேர்த்து அந்த டீயையும் ஒப்படைத்தார்கள். ஒருவர் வெறும் கையோடு வந்து டீ குடிக்க வெட்கப்பட்டு, அந்தச் சந்துக்குள் வராமலே சுற்றிப் போக ஆரம்பித்தார். பாய் டம்ளரோடு அடுத்த தெருவில் போய் மறித்தார்.

ஒருநாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விலாசத்தை எந்த மொழியில் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"தமிழ்லதான். பின்ன?"

டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அட்லாண்டிக் நடுவில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள் என்று சிரித்துச் சிரித்துக் கேட்டேன். பாய் சிரிக்கவில்லை. துணியை எடுத்து, துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தார்.

"ஒம்போது நாளும் அந்தச் சொவரை ஒவ்வொரு எழுத்தாப் பாத்தேன் தங்கச்சி. நம்ம எழுத்து ஒண்ணுகூட இல்ல. நமக்கு அடுத்து நம்மூர்க்காரன் ஒருத்தன் என்னைக்காச்சும் அங்க எறங்குவான்ல, அவனும் இப்படித்தான் தேடுவான். காரைக்கால்னு பாத்தா அவனுக்கு எப்படி இருக்கும், நெனச்சுப் பாருங்க."

அதற்கப்புறம் நான் அந்த டீயைப் பற்றிக் கேலி பேசியதில்லை.

பிறகு எனக்கு, மலையாளக் கரையில் இருந்தாலும் எங்கள் அரசாங்கத்தைச் சேர்ந்த மாஹேவுக்கு மாற்றல் வந்தது. எங்கள் உத்தியோகத்தில் மாற்றல் என்றால் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குத்தான். சொல்லிக்கொள்ளப் போனபோது, பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தீவின் பெயரைச் சொன்னார். "நீங்க போற கடல் வழியாத்தான் அங்க போகணும், பக்கத்துல போனா ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க" என்றார். மாஹேவிலிருந்து அட்லாண்டிக் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். நானும் தலையாட்டினேன்.

மாஹேவில் நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஆறு கடலில் சேரும் இடத்து நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்திருந்தபோது, என் கண் படகு படகாக எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். எல்லாம் மலையாளம். பாய் சொன்ன மாதிரி நானும் நம்ம எழுத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே அந்தத் தீவின் துறைமுக அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பத்து நாளில் மரியாதையாக மூன்று வரி பதில் வந்தது. சுவரில் இடமில்லாததால் பழைய படங்களின் மேலேயே புதிய படகுக்காரர்கள் எழுதிவிட்டுப் போகிறார்கள், நீங்கள் சொல்லும் காலத்துப் படம் எதுவும் இப்போது இல்லை.

இதைப் பாயிடம் எப்படிச் சொல்வது? மறைத்தால் அவர் இன்னும் இருபது வருடம் டீ போடுவார். சொன்னால் அந்த டீ நின்றுபோகும். எது பெரிய பாவம் என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு நிஜமான காகிதத்தில், நிஜமான பேனாவால் ஒரு கடிதம் எழுதினேன்.

"பாய், நான் நம்மூர்க்காரி. வேறொரு துறைமுகத்தில் நம்ம எழுத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தீவுச் சுவரில் நீங்கள் எழுதியது அழிந்துவிட்டதாம், விசாரித்துவிட்டேன். ஆனால் விலாசம் எனக்கு மனப்பாடம். அதனால் எழுதுகிறேன்."

உறைமேல் சுவரில் இருந்தபடியே எழுதினேன்: கதவு எண், தெரு, பள்ளிவாசலுக்கு எதிர்ச்சந்து, காரைக்கால், பின்கோடு.

ஆறாம் நாள் பதினொன்றேகால் மணிக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, கடுதாசி வந்துருச்சு" என்றார் பாய். "அழிஞ்சா அழிஞ்சுட்டுப் போவுது. ஒரு ஆளு படிச்சிருச்சுல்ல."

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தபால்காரராம். டீ சூடாக இருந்ததால் என்று பாய் சமாளித்தார்.

போன வருடம் எனக்குக் காரைக்காலுக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. இப்போது என் அலுவலகத்துக்கும் பாய் கடைக்கும் நடுவே இரண்டே தெரு. தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு, நங்கூரம் போட்டு, அரை டம்ளரில் கை கழுவுகிறேன். இருந்தாலும் மாதம் ஒரு கடிதம் எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிடுகிறேன். நேரிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் தபால்காரர் அந்த டீயை வெறும் கையோடு வந்து குடிக்கக் கூடாது பாருங்கள்.