உங்கள் மருமகன் அனுப்பும் கட்டைவிரல்

சிதம்பரம்,
லால்கான் தெரு.

மதிப்பிற்குரிய மச்சான் இசாக் அவர்களுக்கு, அப்துல் வதூது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கு நலம். கடலூர் முதுநகரில் தாங்களும் தங்கச்சியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் யாராவது போன் பண்ணியிருப்பார்கள். நானே போனில் பேசியிருக்கலாம். ஆனால் புகாரே அந்தப் போனைப் பற்றித்தான் என்பதால், அதன் காதில் விழாமல் காகிதத்தில் எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், உங்கள் அக்கா, என் வீட்டுக்காரி அஜீசுன்னிசா மௌத்தாகி நம்மை விட்டுப் போனபோது ஷார்ஜாவிலிருந்து வந்தானே என் மகன், உங்கள் மருமகன் அஷ்பாக், அவன் திரும்பிப் போவதற்கு முன்னால் என்னை டாக்டரிடம் இழுத்துப் போனான். டாக்டர் ப்ராஸ்டேட் வீங்கியிருக்கிறது, சிறுநீர் எப்படிப் போகிறதென்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். இவன் உடனே என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டான். போனைக் கக்கூசு அலமாரியில் வைத்துவிட வேண்டுமாம். நான் போகிற சத்தத்தைக் கேட்டு, ஆயிரக்கணக்கான ஆம்பளைகள் போன சத்தத்தோடு ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதுவே மார்க் போடும். அந்த மார்க் என் போனுக்கும் வரும், அதே நேரம் அவன் போனுக்கும் போகும். மின்வாரியத்தில் இருந்தவரை ஊர் மீட்டருக்கெல்லாம் ரீடிங் எடுத்தேன் மச்சான், இப்போ எனக்கே ரீடிங் எடுக்கறாங்க.

ஆரம்பித்ததும் அது சொன்ன முதல் வார்த்தை, "தயவுசெய்து அமைதியாக இருங்கள்." பேச ஆளில்லாத வீட்டில் வந்து யாரைப் பார்த்து அமைதியாக இரு என்கிறது, சொல்லுங்கள்! இருந்தாலும் அமைதியாகவே இருந்தேன். ஆனால் தெருவில் மீன்கார சவரியம்மாள் "சங்கரா, கானாங்கெளுத்தி" என்று ஒரு கத்துக் கத்த, 'பிற ஒலிகள் உள்ளன, மீண்டும் முயலவும்' என்று வந்தது. மீண்டும் எங்கே முயல்வது, அது என்ன குழாயா? மறுநாள் அவளைக் கூப்பிட்டு, எங்கள் வாசலில் மட்டும் கொஞ்சம் சத்தம் போடாமல் போம்மா என்றேன். ஏன் ஏன் என்று குடைந்தாள். சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தெருவுக்கே தெரியும். மாவு மில்லுக்காரன் என்னைக் கண்டால் மெஷினை நிறுத்துகிறான். சவரியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பாய், ஆயிடுச்சா? நான் கூவலாமா?" என்று வெளியே நின்று கேட்கிறாள். மானம் போகிறது மச்சான். ஆனால் ஒன்று சொல்கிறேன், காலையில் என்னைக் கூப்பிட்டு ஒருத்தர் குரல் கொடுப்பது அது ஒன்றுதான்.

இத்தனை பாடுபட்டு வந்த மார்க் என்ன தெரியுமா? பச்சை! 'மிகச் சிறப்பான ஓட்டம், இளைஞருக்கு இணையானது.' எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொட்டுச் சொட்டாய்ப் போகிறவனுக்கு எங்கிருந்து வந்தது ஓட்டம்? யோசித்துப் பார்த்தால்தான் விளங்கியது. நாம் உட்கார்ந்து போய், தண்ணீர் விட்டுச் சுத்தம் பண்ணி, கை கழுவிய பிறகுதானே எதையும் தொடுவோம்? அந்தப் போனில் குர்ஆன் இருக்கிறது, அஜீசுன்னிசா போட்டோ இருக்கிறது, அதைப் போய் கழுவாத கையால் அமுக்கி நிறுத்துவேனா? நான் மக் நிறையத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீரும் என் கணக்கில் சேர்ந்துவிட்டது. நின்றபடி போய்விட்டு அப்படியே கிளம்புகிறவர்களின் சத்தத்தைக் கேட்டுப் படித்த மெஷினுக்கு நம்ம பழக்கம் எப்படித் தெரியும்?

இதற்குச் சிரிக்கலாம்தான். ஆனால் முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அஷ்பாக் போன் பண்ணுவான். எடுத்ததும், "அத்தா, ஒன்னுக்கு ஒழுங்கா போவுதா?" என்பான். அசிங்கமான கேள்வி என்று அப்போது திட்டியிருக்கிறேன். இந்த ஆப் வந்த பிறகு கேள்வியே கிடையாது. பச்சை வந்தால் அங்கிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும், அவ்வளவுதான். பெற்ற மகனின் விரலை மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

சரி, உள்ளதைச் சொல்லுவோம் என்று அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "சார், யூரின் நின்னதும் ரெக்கார்டிங்கும் தானா நின்னுடும். கொஞ்சம் பொறுத்து தண்ணி ஊத்துங்க" என்றாள். அப்படியே மக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். சிவப்பு! நான் வெளியே வருவதற்குள் போன் அடித்தது. "அத்தா, என்னாச்சு? வலிக்குதா? ஏன் சொல்லல?" என்று பதறினான் பிள்ளை. அப்புறம் சாப்பாடு, தூக்கம், மாடி ஒழுகல் என்று எல்லாம் கேட்டான். பொண்டாட்டி ஷாசியாவுக்கு மாசம் நெருங்குகிறது என்றான். போன தடவை லீவு ஜாஸ்தியாகி மேனேஜர் முறைக்கிறான், மறுபடி ஊருக்குப் போனால் அப்படியே அங்கேயே இருந்துகொள் என்கிறான் என்றும் சொன்னான். கடைசியில், "நாளைக்கு ஒருவாட்டி பாருங்கத்தா. அதுலயும் செவப்பு வந்தா நான் டிக்கெட் போட்டுடறேன்" என்றான்.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது மச்சான். அந்த நாளைக்கு என்பது இன்றைக்குத்தான். நான் முடிவெடுத்துவிட்டேன். பொய்யா சொல்கிறேன்? தண்ணீர் விடாமல் உள்ளபடி காட்டினால் சிவப்புதான் வரும், வரட்டும். வேலை போனால் போகிறது, பெத்த அப்பனை விட வேலையா பெருசு? அவன் அறையைக் கூட்டி, மெத்தையை மாடியில் வெயிலில் போட்டாயிற்று. நீங்கள் ஏர்போர்ட்டுக்குக் கார் சொல்லிவையுங்கள். தங்கச்சியிடம் அவனுக்குப் பிடித்த இறால் ஊறுகாய் போடச் சொல்லுங்கள். சவரியம்மாளிடமும் வஞ்சிரம் சொல்லிவிட்டேன். அவள், "தம்பி வருதா பாய்? அப்ப நான் இன்னைக்கு மூச்சே உடமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், தடையில்லாத உடம்பையும் தரட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
அப்துல் வதூது.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உள்ளே போய்விட்டு வந்தேன். தெருவில் ஒரு சத்தமில்லை. எல்லாம் சொன்னபடி சரியாகத்தான் நடந்தது. கடைசியில், ஷாசியாவுக்கு மாசம் நெருங்குது என்று அவன் சொன்னது காதில் வந்து நின்றது. ரெக்கார்டிங் நிற்பதற்குள் மக்கைச் சாய்த்துவிட்டேன். கைப்பழக்கம் மச்சான், வேறொன்றுமில்லை. பச்சை வந்துவிட்டது. கட்டைவிரலும் வந்துவிட்டது, இந்த முறை இரண்டு. ஆகவே கார் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம், மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். உங்களால் முடிந்தால் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு இங்கே வாருங்கள். நீங்கள் கூட்டிப்போனால் அந்த டாக்டரிடம் வருகிறேன், அஷ்பாக்கிடம் சொல்ல வேண்டாம். வஞ்சிரம் சொன்னது சொன்னதுதான், நாம் இரண்டு பேரும் சாப்பிடலாம். வந்ததும் சலாம் சொல்லிவிட்டு, ஒன்னுக்கு ஒழுங்கா போவுதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.